மேட்டூரில் திறந்துவிட்டார்களா?

கேள்வி: கொலைக் கைதிக்கு வயதாகிவிட்டது, நோய் முற்றிவிட்டது என்று முன்கூட்டியே விடுதலை தருவது நியாயமா?
– வாசகர், பாபநாசம்

பதில்: ஜூன் மாதம் ஒரு மருத்துவமனையில் அண்ணனுக்குத் துணையாக இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஆயுள் கைதி, எழுபதைத் தாண்டியவர். ஒரு பக்கம் சிறுநீர்ப் பை, மறுபக்கம் கட்டிலோடு பிணைத்த விலங்கு, காவலுக்கு இரண்டு போலீஸார். எழுந்து உட்காரவே ஆள் வேண்டும், எங்கே ஓடுவார்?

கொலைக்கு ஆயுள் என்றால் 14 ஆண்டு முடியாமல் தண்டனைக் குறைப்பில் வெளியே வர முடியாது. ஆனால் அரசியல் சட்டத்தின் 161-ஆவது பிரிவு ஆளுநருக்குத் தரும் மன்னிப்பு அதிகாரத்தை அந்த வரம்பு கட்டுப்படுத்தாது. அமைச்சரவை பரிந்துரைக்க வேண்டும், அவ்வளவுதான். பலியானவர் வீட்டாரின் வயிற்றெரிச்சல் நியாயமானதே. இருந்தும், விடலாம் என்பேன்.

அந்தக் கைதி என்னிடம் கேட்டது, "மேட்டூரில் திறந்துவிட்டார்களா?" என்றுதான். குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறார்கள் என்றேன்.

"என்ன ரகம்?" என்றார்.