கனடா நண்பர்களின் குளிர்கால முகாமுக்கு என் பணிக்கொடையைப் போடலாமா?

கேள்வி: அன்பின் தம்பி, எனக்கு 66 வயது. அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவியின் சீதனக் காணி ஒன்று கடலோரமாகத் தென்னந்தோட்டமாக இருக்கிறது. என்னோடு படித்த நான்கு பேர் ரொறன்ரோவில் ஓய்வு பெற்று, குளிர்காலங்களில் வீட்டு வாகனத்தில் அரிசோனா, புளோரிடா என்று போய் முகாமிட்டு இருந்தவர்கள். இனி அந்த மாதங்களை ஊரில், எங்கள் தோட்டத்தில் ஒன்றாகக் கழிக்க ஆசைப்படுகிறார்கள். ஆளுக்கு 5,000 கனடிய டொலர் தருவார்களாம், அது 40 இலட்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். நிலையான வைப்பில் இருக்கும் என் பணிக்கொடை 14 இலட்சத்தையும், மனைவியின் நகையை அடகு வைத்து 6 இலட்சத்தையும் நான் போட வேண்டும். 60 இலட்சத்தில் நான்கு சிறிய வீடுகள், சமையல் மண்டபம், கழிவறைகள், ஜெனரேற்றர். மார்கழியில் வந்து மாசி வரை இருப்பார்கள், வசதிப்பட்டால் ஆறேழு மாதமும் இருக்கலாம். மிச்சக் காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு இலாபத்தை ஐந்தாகப் பிரிக்கலாம் என்கிறார்கள். காணியையும் ஐந்து பேர் பெயரில் எழுதினால் நல்லது என்கிறார் ஒருவர். மனைவிக்குச் சம்மதமில்லை. என்ன சொல்கிறீர்கள்?

பதில்: சேர், முகாமைப் போடுங்கள். பணிக்கொடையைப் போடாதீர்கள். நகையை அலுமாரியிலேயே விடுங்கள்.

உங்கள் கூட்டாளிகள் அரிசோனாவில் எப்படித் தங்கினார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். அங்கே குவார்ட்சைற் என்ற பாலைவன ஊரைச் சுற்றி, அரசாங்கக் காணியில் நீண்டகால முகாம் நிலங்கள் இருக்கின்றன. செப்டெம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்குவதற்கு 180 அமெரிக்க டொலருக்கு ஒரு அனுமதிச் சீட்டு. அவ்வளவுதான். தனியார் முகாம் என்றால் மாத வாடகை, மின்சாரம் பெரும்பாலும் மீற்றர்படி தனி. அங்கே இருந்த இத்தனை வருடத்தில் அந்த நிலத்தில் பங்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். இடத்துக்குக் காசு கட்டினார்கள், பருவம் முடிய வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அதே முறை உங்கள் தோட்டத்துக்கும் பொருந்தும். அவர்கள் முகாமில் தங்குபவர்கள், நீங்கள் இடம் கொடுப்பவர். பங்காளி என்ற பேச்சே வேண்டாம்.

முதலில் மாதங்களைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் திட்டம் பிழையாவது அங்கேதான். கனடாக்காரர்களுக்கு மார்கழி என்றால் பனி, ஓட வேண்டும். நமக்கு மார்கழி என்றால் வாடைக்காற்றும் அடைமழையும். ஐப்பசியில் தொடங்கி தை வரைக்கும்தான் கிழக்கின் ஆண்டு மழையில் பெரும்பங்கு கொட்டித் தீர்க்கிறது. மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட சூறாவளி 1978 நவம்பர் 23இல் வந்தது. 2011இல் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களும் மூழ்கியது ஜனவரியில். அந்த மாதங்களில் கடலும் குளிக்கிற கடலாக இருக்காது, கரைவலைக்காரர்களே வாடியில் குந்தியிருப்பார்கள். 67 வயதில், முழங்கால் வலியோடு, சேறாகிப்போன தென்னந்தோட்டத்தில் கழிவறைக்கு நடக்கிற நண்பரை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் வருடம் அவர் வரமாட்டார்.

ஆகவே தைப்பூசம் கழிய வரச் சொல்லுங்கள், சித்திரைப் புத்தாண்டு கொண்டாடிவிட்டுப் போகட்டும். ஏறத்தாழ பத்துக் கிழமை. மழை விட்டிருக்கும், கடல் இறங்கியிருக்கும், பெரும்போக அறுவடை நடக்கும், புது அரிசி கிடைக்கும், வெயிலும் இன்னும் கச்சான் காற்றுக் காலத்து வெயிலாகியிருக்காது. ஜனவரிப் பனிக்கும் தப்ப வேண்டும் என்று அடம்பிடிப்பவர் அந்தச் சில கிழமைக்கு மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு கல்வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டும்.

மிச்ச மாதங்களில் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள் என்ற கணக்கை நான் பூச்சியமாகவே வைப்பேன். வெள்ளைக்காரர்கள் அலைச்சறுக்குக்கு அறுகம்பைக்கு வருவது உண்மை, அதற்கு மே முதல் செப்டெம்பர் வரை பருவம். அவர்கள் அறுகம்பைக்குத்தான் வருகிறார்கள். வழியில் உங்கள் தோட்டத்தில் இறங்கப் பலகை போட்டால் மட்டும் போதாது. முகம் தெரியாத ஆட்களிடம் காசு வாங்கித் தங்கவைப்பது வியாபாரம், அதற்குப் பிரதேச சபை உரிமம், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைப் பதிவு என்று தனிப் பாடு இருக்கிறது. 66 வயதில் இரவு பதினொரு மணிக்குப் படலையைத் திறந்துவிட உங்களுக்கு விருப்பமா என்பதும் ஒரு கேள்வி.

அடுத்தது காணி. ஐந்து பேர் பெயரில் எழுதலாம் என்றவர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் சட்டம் இடம் கொடுக்காது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணியை விற்கவோ நன்கொடையாக எழுதவோ முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர் இலங்கைக் குடிமகனே, அவருக்குத் தடையில்லை. கனடியக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை இழந்தவர், திருக்கோவில் முருகனுக்குக் காவடி எடுத்தவராக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். நால்வரில் யார் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், வீசாவுக்கும் அது தேவைப்படும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவருக்கு முதலில் 30 நாள், பிறகு நீடித்து ஆறு மாதம் வரை இருக்கலாம்.

ஆனால் இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். இது உங்கள் காணி இல்லை, அக்காவின் சீதனம். நம் பக்க வழக்கப்படி அது நாளைக்கு உங்கள் மகளுக்குப் போக வேண்டியது. நண்பர் ஒருவர் கண்ணை மூடினால் அவருடைய பங்கு ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த, உங்களைப் பார்த்தேயிராத பிள்ளைகளுக்குப் போகும். அவர்கள் தமிழில் சண்டை பிடிக்கக்கூட மாட்டார்கள், வக்கீல் கடிதம்தான் வரும். அக்காவுக்குச் சம்மதமில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து அவருடையது என்பதால் அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

காணி உறுதிக் காணியா, பெர்மிட் காணியா என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் குத்தகைக்குக்கூடக் கொடுக்க முடியாது. இன்னொன்று, கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். திருக்கோவில், தம்பிலுவில் கரையில் கடல் எப்படித் தின்றுகொண்டு வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கரையில் 60 இலட்சத்துக்குச் சீமெந்து போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, எவ்வளவுதான் செலவழிக்கலாம்? ஆள் தங்குவதற்கு அவசியமானது இவ்வளவுதான்: இரண்டு கழிவறையும் குளிக்கும் இடமும், தண்ணீர்த் தாங்கி, மின்னிணைப்பு, கிடுகு வேய்ந்த ஒரு சமையல் கொட்டில், கூடாரம் போட நான்கு மேட்டுத் தளம். ஊர் மேசனை வைத்து விலை கேளுங்கள், 12 இலட்சத்துக்குள் நிறுத்தப் பாருங்கள். அந்த 12 இலட்சமும் நண்பர்களிடமிருந்தே வரட்டும், ஆனால் முதலீடாக இல்லை, முற்பணமாக.

ஒரு பருவத்துக்கு ஆளுக்கு 750 கனடிய டொலர் இடக்கட்டணம் என்று வையுங்கள். நீங்கள் பிடித்த 200 ரூபாக் கணக்கிலேயே அது ஒன்றரை இலட்சம். எழுபது நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 2,150 ரூபாகூட வராது, கனடா ஓய்வூதியக்காரருக்கு இது ஒரு பெரிய காசில்லை. இரண்டு பருவத்துக் கட்டணத்தை முன்கூட்டியே தந்தால் ஆளுக்கு 3 இலட்சம், நால்வருக்கும் 12 இலட்சம். அவர்கள் சொன்ன 5,000 டொலரில் 1,500 தான் செலவாகிறது, மிச்சம் அவர்கள் கையிலேயே இருக்கும். உங்களுக்கு முதல் இரண்டு பருவமும் கையில் காசு மிஞ்சாது என்பது உண்மை. ஆனால் கழிவறையும் தாங்கியும் உங்கள் காணியில் நிற்கும், மூன்றாம் வருடத்திலிருந்து பருவத்துக்கு 6 இலட்சம் வரும். அவர்கள் வராமலே போனாலும் உங்கள் 14 இலட்சத்தில் ஒரு சதம் குறைந்திருக்காது.

சாப்பாடு, மின்சாரம், சமையலுக்கு வரும் பெண்ணின் சம்பளம் எல்லாம் தனி. மின்சாரத்துக்குத் துணை மீற்றர் ஒன்று கட்டாயம் போடுங்கள். வீட்டு இணைப்பில் மாதம் 180 அலகைத் தாண்டினால் அதிகூடிய கட்டணப் படிக்குப் போய்விடும், நான்கு மின்விசிறியும் ஒரு குளிர்சாதனப்பெட்டியும் கொதிநீர்க் கேத்திலும் உங்களை அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். நண்பனிடம் கரண்ட் காசு கேட்பது கூச்சமாகத்தான் இருக்கும். மீற்றர் கேட்டால் கூச்சமில்லை.

கட்டணத்தை டொலரில் பேசுங்கள், வங்கி வழியாக ரூபாவில் பெறுங்கள். 2022இல் அமெரிக்க டொலர் சில மாதத்துக்குள் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியது ஞாபகம் இருக்கும். அப்படி இன்னொருமுறை நடந்தால் ரூபாவில் பேசிய கட்டணம் காஸ் சிலிண்டருக்கே போதாது.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும், ஆகவே வெறும் வற்சப் பேச்சில் விடாதீர்கள். ஒருவர் ஒரு வருடம் வராவிட்டால் அவருடைய கட்டணம் அடுத்த வருடத்துக்குப் போகுமா, இறந்துபோனால் மிச்சம் யாருக்கு, எத்தனை மாதத்துக்குள் திருப்பிக் கொடுப்பது, தன் இடத்தை மகனுக்கோ மச்சானுக்கோ கொடுக்கலாமா? இவற்றை இப்போது சிரித்துக்கொண்டே பேசி எழுதலாம்.

ஆறேழு மாதம் இருப்பதைப் பற்றி நண்பர்களுக்குச் சில வார்த்தை. ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதி தொடர வேண்டுமானால் எந்த 12 மாதத்திலும் 212 நாளுக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே இருக்கக் கூடாது. குறைந்த வருமானக்காரருக்கான ஜி.ஐ.எஸ் கொடுப்பனவு, ஆறு மாதத்துக்கு மேல் கனடாவுக்கு வெளியே இருந்தால் நின்றுவிடும். முதியோர் ஓய்வூதியமான ஓ.ஏ.எஸ்சும் 18 வயதுக்குப் பிறகு கனடாவில் 20 வருடம் வாழாதவருக்கு அதேபோல நின்றுவிடும். 90களில் போனவர்களுக்கு இதில் பயமில்லை, பிந்திப் போனவர் இருந்தால் எண்ணிப் பார்க்கட்டும். பத்துக் கிழமைத் திட்டத்தில் இந்தத் தலையிடி ஒன்றும் வராது.

தலையிடி வரப்போவது நோயால்தான். ஒன்ராறியோக் காப்புறுதி வெளிநாட்டு மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு 400 டொலர் வரைதான், வெளிநோயாளராகக் காட்டினால் 50 டொலர் வரைதான் கொடுக்கும். நெஞ்சுவலி என்று ஒருவரைக் கல்முனைக்கோ மட்டக்களப்புக்கோ ஏற்றி, அங்கிருந்து கொழும்புத் தனியார் மருத்துவமனைக்கு மாற்றினால் முற்பணம் கேட்பார்கள். அந்த நேரம் பக்கத்தில் நிற்பது நீங்கள், உங்கள் வங்கியில் 14 இலட்சம் இருப்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே பயணக் காப்புறுதி இல்லாதவருக்குத் தோட்டத்தில் இடமில்லை என்று முதலிலேயே சொல்லுங்கள். ஏற்கனவே உள்ள சர்க்கரை, பிரசர், இதய நோய்க்கு அந்தக் காப்புறுதி பணம் கொடுக்குமா என்று வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு மருந்தை மாற்றியிருந்தாலே கைவிரிக்கிற காப்புறுதிகள் நிறைய. காப்புறுதி அட்டையின் பிரதி ஒன்று உங்கள் கையிலும், கனடாவில் இருக்கும் பிள்ளையின் தொலைபேசி இலக்கம் அக்காவின் கையிலும் இருக்கட்டும்.

இனி உங்கள் 14 இலட்சம். 8 வீத வட்டி என்று வைத்தால் வருடத்துக்கு 1,12,000, மாதம் 9,300 ரூபா அளவில் வருகிறது. உங்கள் பென்சனோடு சேர்த்தால் மருந்துச் செலவு அதில் ஓடும். எல்லாம் ஒரே வங்கியில் இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள், வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான். வட்டியில் 2025 ஏப்ரல் முதல் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருமானம் வருடத்துக்கு 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம், நீங்கள் கொடுத்திருக்கிறீர்களா? முகாம் கட்டணம் 6 இலட்சம் வந்தாலும் அந்த எல்லைக்குள்தான் நிற்பீர்கள் என்று நினைக்கிறேன், ஆனால் வரவைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

மேசனைக் கூப்பிடுவதற்கு முன் இரண்டு வேலை. பிரதேச செயலகத்துக்குப் போய்க் காணியின் வகையையும் கரையோர எல்லையையும் எழுத்தில் கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரை ஆவணி வெயிலில் ஒருமுறை சோதியுங்கள், மழைக்காலத்தில் நன்னீராகத் தெரிகிற கரையோரக் கிணறு கோடையில் உவர்ந்துவிட்டால் பவுசரில் தண்ணீர் வாங்க வேண்டி வரும். அப்படியானால் 750 டொலர் போதாது, 900 கேளுங்கள்.