ஜகாத் வரிசையில் ஏன் அதே முகங்கள்?

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ராயபுரத்தில் இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது, இந்த வருஷம்தான் முதல்முறையாக என் சேமிப்புக்கு ஜகாத் (வசதியுள்ள முஸ்லிம் வருஷா வருஷம் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பங்கு) கடமையாகியிருக்கிறது. எங்கள் பக்கம் ரமலான் கடைசிப் பத்து நாளில் வசதியானவர்கள் வீட்டு வாசலில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கு நூறோ இருநூறோ கிடைக்கும், சில வீடுகளில் ஒரு புடவை. என்னோடு வேலை பார்க்கும் நண்பன் முஸ்லிம் இல்லை. அவன் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்: "வருஷா வருஷம் இவ்வளவு கொடுக்கிறீர்களே, அப்புறம் ஏன் அதே ஆட்கள் அதே வரிசையில் நிற்கிறார்கள்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஜகாத்தால் வறுமை ஒழியும் என்பதெல்லாம் வெறும் மேடைப் பேச்சுதானா? என் ஜகாத்தை யாருக்குக் கொடுப்பது? இங்கேயா, ராமநாதபுரத்தில் எங்கள் ஊருக்கு அனுப்பவா?

எஸ்., ராயபுரம்

அன்புள்ள தம்பி,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் நண்பரிடம் கோபப்படாமல் இருந்தீர்களே, நல்லது. அவர் கேட்டது நம் பள்ளிவாசல்களில் நாமே எப்போதோ கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் ஜகாத் கொடுக்கிறோம், நிறையவே கொடுக்கிறோம், ஆனால் ஒரு ஆளுடைய கஷ்டம் தீரும் அளவுக்கு அந்த ஒரு ஆளுக்குக் கொடுப்பதில்லை. நாற்பது லட்சம் ரூபாய்க்குச் சரக்கும் ரொக்கமும் வைத்திருக்கும் ஒரு வியாபாரிக்கு இரண்டரை சதவீதம் கணக்குப் போட்டால் ஒரு லட்சம் வருகிறது. அதை நூறு ரூபாய் நோட்டாக மாற்றி ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் அவர் கடமை முடிந்துவிடுகிறது. வாங்கிய ஆயிரம் பேரில் ஒருத்தருக்காவது ஏதாவது முடிந்ததா? அந்தக் காசு அன்றைக்குச் சாயந்திரம் வரைக்கும் வந்தால் பெரிது. அதற்காக வெயிலில், நோன்போடு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். 2023 ரமலானில் ஏமனின் சனா நகரத்தில் இப்படி ஒரு பண விநியோகத்தில் கூட்டம் நெருக்கி 70க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அந்தச் செய்தி வந்த பிறகும் இங்கே வாசலில் கயிறு கட்டி வரிசை நிறுத்துகிறார்கள் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

மார்க்க அறிஞர்கள் இப்படிச் சொல்லவில்லை. 13ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த இமாம் நவவி, இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் (மத்ஹப்) ஒன்றான ஷாஃபிஈயில் ஒரு ஏழைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று விளக்கும்போது தொழில் தொழிலாகப் பிரித்துச் சொல்கிறார். கைத்தொழில் தெரிந்தவனுக்கு அவன் கருவிகளை வாங்கப் போதுமான அளவு, விலை எவ்வளவு ஆனாலும் சரி. கீரை விற்பவனுக்கு ஐந்து அல்லது பத்து திர்ஹம் போதும், நகை வியாபாரம் தெரிந்தவனுக்கு அதைவிடக் குறைவாகக் கொடுத்தால் தொழில் ஓடாது என்றால் பத்தாயிரம் திர்ஹம்கூடக் கொடுக்கலாம். உங்கள் ராமநாதபுரம் பக்கம் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹப்தானே, ஊரில் எந்த ஆலிமிடமும் கேட்டுப் பாருங்கள். சென்னையில் நிறைய இருக்கும் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள், ஒரே ஆளுக்கு நிஸாப் (ஜகாத் கடமையாவதற்கான குறைந்தபட்சச் சொத்து) அளவு மொத்தமாகக் கொடுப்பது விரும்பத்தக்கதல்ல என்பார்கள். ஆனால் வாங்குபவர் கடனாளியாகவோ குடும்பஸ்தராகவோ இருந்தால் அவர்களும் அதற்கு விலக்குக் கொடுக்கிறார்கள். இந்தக் கடனாளியைப் பற்றித்தான் நான் உங்களிடம் முக்கியமாகப் பேச வேண்டும்.

சென்னையில் வறுமை எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? 2011லிருந்து ரேஷனில் அரிசி இலவசம். 2013லிருந்து அம்மா உணவகம் இருக்கிறது. பசியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் ஒரு குடும்பத்தைத் தலைநிமிர விடாமல் அழுத்துவது பெரும்பாலும் கடன். அதுவும் தினமும் வசூலிக்கிற தண்டல் கடன். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, காலையில் வீட்டு வாசலில் இடியாப்பம் விற்கிறவர், அரிசி டப்பாவுக்குப் பின்னால் மூன்று தண்டல் அட்டை வைத்திருந்தார். தபால் கார்டு அளவுதான், நூறு கட்டம், கட்டத்துக்கு ஒரு தேதியும் ஒரு கிறுக்கலும். காலை வியாபாரம் முடிகிற நேரம் பார்த்து வண்டியில் ஆள் வருவார். பத்தாயிரம் என்று எழுதி எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுப்பார்கள், தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் சராசரியாகப் பார்த்தால் அந்தப் பணத்தில் பாதிதான் அவர் கையில் இருக்கிறது, அப்படிக் கணக்குப் போட்டால் வருஷ வட்டி 100 சதவீதத்தைத் தாண்டிப் போகிறது. முதல் அட்டை மகளுடைய பிரசவத்துக்கு. இரண்டாவது அட்டை முதல் அட்டையை அடைக்க. மூன்றாவது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அவரும் ரமலானில் வரிசையில் நிற்கிறார். ஒவ்வொரு வாசலிலும் நூறு ரூபாய் கொடுக்கிறார்கள். எவ்வளவு கடன் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. குர்ஆனில் தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனம் ஜகாத் வாங்க உரிமையுள்ள எட்டு வகையினரைச் சொல்கிறது, அதில் கடனில் சிக்கியவர்கள் தனி வகை. ஏழைகளையும் வறியவர்களையும் முதலில் சொன்ன பிறகு, கடனாளிகளைத் தனியாகவும் சொல்லியிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஆரம்பத்தில், கடன் அடைக்க வழியில்லாமல் இறந்தவருக்குத் தொழவைக்காமல், உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். பிறகு பொதுநிதி பெருகியதும், கடனோடு இறப்பவரின் கடன் என் பொறுப்பு, விட்டுச் செல்லும் சொத்து வாரிசுகளுக்கு என்று அறிவித்தார்கள். புகாரி, முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்புகள் இரண்டிலும் இது இருக்கிறது. கையில் காசு வந்ததும் சமுதாயத்தின் தலைவர் எடுத்துக்கொண்ட பொறுப்பு அது. நம் பைத்துல்மால்களில் (பொதுநிதி அமைப்புகளில்) எத்தனை, கடனுக்கென்று ஒரு தனிப் பதிவேடு வைத்திருக்கின்றன?

சரி, தண்டலை அடைத்தால் வட்டிக்காரனுக்குத்தானே ஜகாத் போகிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குர்ஆனின் பகரா அத்தியாயம் 279ஆம் வசனம் அசல்தான் கொடுத்தவருடைய உரிமை என்கிறது, அடுத்த வசனம் கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. ஆகவே ஜமாஅத் பெரியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசி அசலில் பாக்கி எவ்வளவோ அதை மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும். கையில் ரொக்கத்தோடு போகிறவருடன் பேச யாரும் மறுப்பதில்லை. மிரட்டினால் 2003ஆம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தனியாக ஒரு பெண் போலீஸ் ஸ்டேஷன் படியேறுவது வேறு, ஜமாஅத்தே உடன் போவது வேறு.

இன்னொன்று, கடை முதலாளிகள் செய்வது. வேலை செய்யும் பையனுக்கு எப்போதோ கொடுத்து வராமல் போன கடனைத் தள்ளிவிட்டு, அதையே அந்த வருஷ ஜகாத்தில் கழித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான அறிஞர்கள் இதை ஜகாத்தாக ஏற்பதில்லை. தள்ளுபடி செய்வது நன்மைதான், அதை ஜகாத் கணக்கில் எழுதக்கூடாது.

அடைத்துவிட்டால் மறுபடி வாங்க மாட்டார்களா? வாங்குவார்கள், கடனை மட்டும் அடைத்துவிட்டு வந்துவிட்டால். அபூதாவூது என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு செய்தி வருகிறது. உதவி கேட்டு வந்த ஒரு அன்சாரியிடம் (மதீனாவைச் சேர்ந்த தோழரிடம்) வீட்டில் என்ன இருக்கிறது என்று நபியவர்கள் கேட்டார்கள், ஒரு போர்வையும் ஒரு கிண்ணமும் என்றார். அவற்றை அங்கேயே ஏலம் விட்டு, கிடைத்த இரண்டு திர்ஹமில் ஒன்றுக்கு வீட்டுக்கு உணவும் மற்றதற்குக் கோடரியும் வாங்கச் சொல்லி, கோடரிக்குத் தன் கையாலேயே காம்பு மாட்டிக் கொடுத்து, விறகு வெட்டி விற்றுவிட்டுப் பதினைந்து நாள் கழித்து வா என்று அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹமோடு வந்தார். இடியாப்பம் விற்கும் அந்த அம்மாவுக்கும் கடனை அடைத்த கையோடு ஒரு கிரைண்டரும் ஒரு மாதத்துக்கு அரிசியும் வாங்கிக் கொடுத்தால் அடுத்த ரமலானில் அவர் வரிசைக்கு வர வேண்டிய தேவை இருக்காது.

அதற்கப்புறம் அவசரச் செலவுக்கு வட்டியில்லாத கடன் ஒன்று பக்கத்திலேயே வேண்டும். லாகூரில் 2001ல் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த பத்தாயிரம் ரூபாய் வட்டியில்லாக் கடனில் தொடங்கியது அகுவத் என்ற அமைப்பு. கடனைப் பள்ளிவாசலிலும் சர்ச்சிலும் வைத்துக் கொடுத்தார்கள், மதம் பார்க்கவில்லை. அதைத் தொடங்கிய அம்ஜத் சாகிபுக்கு 2021ல் மகசேசே விருது கிடைத்தது. நம் நாட்டில் தேவ்பந்த், நஜீபாபாத் முஸ்லிம் ஃபண்டுகள் பல பத்தாண்டுகளாக நகை ஈட்டின் பேரில் வட்டியில்லாமல் கொடுத்து வருகின்றன. வட்டியில்லா வங்கி யோசனையை ரிசர்வ் வங்கி 2017ல் கைவிட்டுவிட்டது, ஆனால் நன்கொடைப் பணத்தில் ஒரு மஹல்லாவுக்குள் (ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த பகுதிக்குள்) சின்னக் கடன் கொடுக்க வங்கி தேவையில்லை. ஒரே எச்சரிக்கை, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கவே கூடாது. ஹலால் லாபம் தருகிறோம் என்று சொல்லி வாங்கிய பெங்களூர் ஐ.எம்.ஏ. முதலீட்டு நிறுவனம் 2019ல் சரிந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போனது.

வக்ஃபு (அறப்பணிக்கென்று எழுதிவைத்த சொத்து) பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதை நினைத்தால் வயிறு எரிகிறது. 2006 சச்சார் குழு அறிக்கைப்படி நாட்டில் பதிவான வக்ஃபு சொத்துகள் 4.9 லட்சம், சந்தை மதிப்பு 1.2 லட்சம் கோடி ரூபாய், வருஷ வருமானம் வெறும் 163 கோடி. ஒழுங்காக நிர்வகித்து பத்து சதவீதம் வந்தாலே 12,000 கோடி என்று அந்த அறிக்கையே சொன்னது. ஏழைகளுக்கென்று முன்னோர் எழுதிவைத்த இடத்தில் பழைய வாடகைக்குக் கடை நடத்துகிறவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவு செய்தால் வறுமை ஒழிந்துவிடுமா? ஜகாத் ஒன்றால் மட்டும் ஒழியாது தம்பி. கூலி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது, அதைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு மஹல்லாவில் வட்டிக் கடனில் ஒரு வீடுகூட இல்லாமல் செய்வது நம் கைக்கு எட்டுகிற வேலை. அந்த வீடுகளில் முஸ்லிம் அல்லாத வீடும் இருக்கும், ஜகாத் முஸ்லிம்களுக்கு என்று பெரும்பான்மையான அறிஞர்கள் சொன்னாலும் ஸதகாவுக்கும் (விருப்பத் தர்மத்துக்கும்) அழகிய கடன் எனப்படும் வட்டியில்லாக் கடனுக்கும் அந்த வரம்பு இல்லை. பிச்சையெடுத்த ஒரு வயதான யூதரைக் கண்ட கலீஃபா உமர் (ரலி), அவர் மேலிருந்த வரியை நீக்கி பைத்துல்மாலிலிருந்து கொடுக்கச் சொன்னதை ஹனஃபி சட்ட அறிஞர் அபூ யூசுஃப் எழுதியிருக்கிறார்.

உங்கள் ஜகாத் விஷயம். தம் தோழர் முஆத் (ரலி) அவர்களை ஏமனுக்கு அனுப்பும்போது அங்குள்ள செல்வந்தர்களிடம் வாங்கி அங்குள்ள ஏழைகளுக்கே கொடுக்கத்தான் நபியவர்கள் சொன்னார்கள், அதனால் ராயபுரத்துக்கே முதல் உரிமை. ஊரில் சொந்தத்தில் யாராவது கடனில் இருந்தால் அங்கே அனுப்பலாம், அதற்கு உறவைப் பேணிய நன்மையும் சேர்ந்து கிடைக்கும். பெற்றோருக்கு மட்டும் ஜகாத்திலிருந்து கொடுக்க முடியாது, அவர்களைப் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை. எதுவானாலும் பிரிக்காதீர்கள். ஒரே வீட்டைத் தேர்ந்தெடுங்கள், யாருக்கும் தெரியாமல் போய் அட்டையைப் பாருங்கள், முடிந்தால் முழுசாக அடையுங்கள். தொகை போதவில்லை என்றால் உங்களைப் போல வேலை பார்க்கும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரமலான் வரை காத்திருக்கவும் வேண்டாம், வருஷம் நிறையும் முன்பே கொடுக்கலாம் என்று பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில்தான் இந்தத் தெருக்களில் புது அட்டை அதிகமாகப் போடுவார்கள், அதற்கு முன்னால் போய்விடுங்கள்.