ராக் இசைக்குழுவின் கச்சேரிப் பயணத்தில் தன்னார்வலராக நின்ற அனுபவம் உண்டா? அங்கே ரசிகர்களிடம் கோரிக்கை மனுவுக்கு வாங்கும் கையெழுத்துகளால் என்ன பயன்?

உண்டு. 2005 கோடையில், அமெரிக்காவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, கோல்ட்ப்ளே என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் சுற்றுப்பயணத்தில், வறுமை ஒழிப்புக்காக உழைக்கும் ஆக்ஸ்ஃபாம் அமைப்புக்காகக் கையெழுத்து வாங்கினேன். 'எக்ஸ் அண்ட் ஒய்' ஆல்பம் அந்த ஜூனில்தான் வந்திருந்தது. பெரிய திறந்தவெளி அரங்குகளில் கச்சேரி, கூட்டம் ஆயிரக்கணக்கில். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: கால் கடுக்கும், தொண்டை கட்டும், பாட்டு பாதிதான் காதில் விழும், ஆனாலும் மறுபடி கூப்பிட்டால் போகத் தோன்றும். இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் பின்னணி. ஆக்ஸ்ஃபாம் 2002-இல் 'மேக் ட்ரேட் ஃபேர்' (வர்த்தகத்தை நியாயமாக்கு) என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. பணக்கார நாடுகள் தங்கள் விளைபொருளுக்கு மானியம் கொடுத்து, அடக்க விலைக்கும் கீழே ஏழை நாடுகளின் சந்தையில் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. அதே சமயம் அந்த ஏழை நாடுகள் இறக்குமதி வரி போட்டுத் தங்கள் விவசாயியைக் காப்பாற்றிக்கொள்ள விடுவதில்லை. இந்த விதிகளை மாற்ற வேண்டும் என்பதுதான் கோரிக்கை. கோல்ட்ப்ளே பாடகர் கிறிஸ் மார்ட்டின் ஆக்ஸ்ஃபாமோடு கரீபியன் நாடான ஹைட்டிக்குப் போய் அங்குள்ள நெல் விவசாயிகளைப் பார்த்துவிட்டு வந்தவர். 2003-இல் மெக்சிகோவின் கான்குனில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடு நடந்தபோது அங்கேயும் போய் நின்றார். மேடையில் அவருடைய பியானோவில் பிரசாரத்தின் பெயர் இருக்கும், கையில் அதன் குறியை வரைந்திருப்பார். அவர் செய்தது அவ்வளவுதான். மேடையில் நின்று நீண்ட பிரசங்கம் எதுவும் கிடையாது. அது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். பாட்டுக் கேட்க வந்தவர்களைப் பாட்டுக் கேட்க விட வேண்டும். பேசுகிற வேலை வாசலில் நிற்கும் எங்களுடையது.

வேலை எப்படி நடக்கும் என்றால், மின்னஞ்சலில் அழைப்பு வரும். கதவு திறப்பதற்கு வெகுநேரம் முன்பே போய்விட வேண்டும். குழுவோடு ஊர் ஊராகப் பயணம் செய்யும் ஆக்ஸ்ஃபாம் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார். டி-ஷர்ட், கிளிப் வைத்த எழுத்து அட்டை, பேனா, கையில் கட்டிக்கொள்ளும் அனுமதிப் பட்டை எல்லாம் அவர் கொடுப்பார். கால் மணி நேரம் விதிமுறை சொல்வார்: பணம் வாங்கக் கூடாது, குடித்திருப்பவரிடம் போகக் கூடாது, யாரையும் வழிமறிக்கக் கூடாது, வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நகர வேண்டும். எங்கள் மேசை பீர் விற்கும் கடைக்கும் டி-ஷர்ட் கடைக்கும் நடுவில் இருந்தது, திருவிழாவில் நீர்மோர்ப் பந்தல் போட்டு நிற்பதுபோல. இரண்டு பேர் மேசையில், மற்றவர்கள் வரிசையிலும் பார்க்கிங்கிலும். இசைக்குழுவைப் பார்க்கலாமா, கை குலுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது, அவர்கள் இருக்கும் பக்கமே நாங்கள் போனதில்லை. குழு மேடையேறியதும் அட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கேட்கலாம். கடைசிப் பாட்டுக்கு முன்னால் திரும்பி வந்து வெளியேறும் கூட்டத்தைப் பிடிக்க வேண்டும்.

கதவு திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் பொன்னான நேரம். பிறகு இருட்டிவிடும், எழுத்து தெரியாது, மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து பிசகினாலும் அந்தக் கையெழுத்து பாதி வீண். அதனால் நான் ஒவ்வொருவர் எழுதி முடித்ததும் முகவரியை அவர்களுக்கே வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். மூன்று வரி எழுதுவதற்குள் வியர்வைக் கையில் பேனா வழுக்கும். இதையெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். முகவரி சரியாக இருந்தால்தான் அடுத்த மாதம் அவருக்குக் கடிதம் போகும், அவர் தன் தொகுதி உறுப்பினருக்கு எழுதுவார்.

அந்த வருடம் ஜூலை 2-ஆம் தேதி, ஏழை நாடுகளின் கடனை ரத்து செய்யக் கோரி லைவ் 8 கச்சேரிகள் நடந்து முடிந்திருந்தன. லண்டன் ஹைட் பார்க்கில் கோல்ட்ப்ளேயும் பாடியிருந்தது. அதனால் வருகிறவர்களில் பலர் "இது ஆப்பிரிக்கக் கடன் விஷயம்தானே, நான் ஏற்கெனவே போட்டுட்டேன்" என்று நகர்ந்துவிடுவார்கள். இல்லை, இது அரிசி, பருத்தி, காப்பி விலை பற்றியது என்று இருபது விநாடிக்குள் சொல்லிவிட வேண்டும். மற்ற தன்னார்வலர்கள் எல்லோரும் பருத்தியைப் பற்றிப் பேசினார்கள். மாலி, புர்கினா பாசோ, பெனின், சாட் என்ற நான்கு நாடுகள் அமெரிக்கப் பருத்தி மானியத்தை எதிர்த்து 2003-லேயே உலக வர்த்தக அமைப்பில் குரல் எழுப்பியிருந்தன, அது செய்தியில் இருந்தது. நான் அரிசியைத்தான் எடுத்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரனுக்கு வேறு எது வாயில் வரும்?

ஹைட்டி கதையைச் சொல்லுவேன். அர்த்திபோனித் பள்ளத்தாக்கு அங்கே நெற்களஞ்சியம். 1995-இல் சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) நிபந்தனைப்படி அரிசி இறக்குமதி வரி 3 சதவீதமாக வெட்டப்பட்டது. அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. அங்கே ஜனங்கள் அதை 'மியாமி அரிசி' என்றே சொல்வார்கள். உள்ளூர் நெல் விலை போகாமல், வயலை விட்டு ஆட்கள் தலைநகருக்குப் போனார்கள். ஆக்ஸ்ஃபாம் 2005-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருந்தது: 2003-இல் அமெரிக்க நெல் விளைச்சலுக்கு ஆன செலவு 180 கோடி டாலர், அதற்கு அரசு கொடுத்த மானியம் 130 கோடி டாலர். இந்த இரண்டு எண்ணையும் சொன்னால் போதும், நடந்து போகிறவர் நிற்பார்.

ஒருவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும், கல்லூரியில் படிக்கும் மகளோடு வந்திருந்தார். அட்டையை வாங்கி மேலே அச்சடித்திருந்ததை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு சொன்னார்: "எங்க அப்பா ஆர்கன்சாவில நெல் போட்டவர். அண்ணன் இன்னும் போடறான்." அமெரிக்க நெல்லில் ஏறக்குறைய பாதி விளைவது ஆர்கன்சா மாநிலத்தில்தான். தண்ணீர் இறைக்க டீசல் செலவு, உரம் தெளிக்க விமானக் கூலி, வங்கிக் கடன் என்று வரிசையாகச் சொன்னார். அந்த மானியம் வராவிட்டால் அண்ணன் அடுத்த வருடமே நிலத்தை விற்றுவிடுவார் என்றார். குரலில் கோபம் இல்லை. பிறகு கேட்டார், "உங்க வீட்டில நெல்லை யாருக்கு விக்கறீங்க?"

அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் போடுகிறோம், மத்திய அரசு அறிவிக்கும் விலை, மாநிலம் சேர்க்கும் ஊக்கத்தொகை என்று சொன்னேன். உரமும் மானியத்தில்தான், மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்றும் சொன்னேன். "அப்போ உங்களையும் அரசாங்கம்தானே தாங்குது?" என்றார். ஆமாம் என்றேன். விவசாயியைத் தாங்குவது தவறே இல்லை, தாங்கி விளைவித்ததை இன்னொரு நாட்டில் அடக்க விலைக்குக் கீழே கொண்டு கொட்டுவதும், அந்த நாடு வரி போட்டுத் தடுக்கக் கூடாது என்று கையைக் கட்டுவதும்தான் தவறு என்றேன். ஹைட்டி விவசாயிக்குக் கொள்முதல் நிலையமும் இல்லை, இறக்குமதி வரியின் பாதுகாப்பும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மானியத்தில பெரும்பங்கு எங்கண்ணனுக்கு வரல, பெரிய பண்ணைக்காரங்களுக்குத்தான் போகுது. அதையும் உங்க தாள்ல எழுதியிருக்கலாம்" என்றார். கையெழுத்துப் போடவில்லை. கை கொடுத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து நான் பேசும்போது 'அமெரிக்க விவசாயி' என்று தொடங்குவதை நிறுத்திவிட்டு, 'வர்த்தக விதி' என்றே தொடங்கினேன். யாரும் யாருக்கும் எதிரியாக நிற்காமல் பேச முடிந்தது. கையெழுத்து வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதில் இதுதான் உருப்படியானது: எதிரே நிற்பவருடைய அண்ணன் எந்தத் தொழிலில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

சரி, அந்தக் கையெழுத்துகள் என்ன ஆயின? 2005 டிசம்பரில் ஹாங்காங்கில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடு நடந்தது. உலகம் முழுக்கச் சேர்ந்த 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அப்போதைய தலைமை இயக்குநர் பாஸ்கல் லாமியிடம் கொடுக்கப்பட்டன. நாங்கள் அரங்க வாசல்களில் வாங்கியது அதில் ஒரு துளி. விவசாய ஏற்றுமதி மானியங்களை 2013-க்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக அந்த மாநாட்டில் ஒப்புக்கொண்டார்கள். படித்தபோது நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். ஆனால் 2008 ஜூலையில் ஜெனீவாவில் பேச்சுவார்த்தை முறிந்தது. 2013 வந்து போயிற்று. கடைசியில் 2015 டிசம்பரில் நைரோபி மாநாட்டில்தான் ஏற்றுமதி மானியத்தை ஒழிக்கும் முடிவு நிறைவேறியது. உள்நாட்டு மானியங்கள் பெரும்பாலும் அப்படியேதான் தொடர்கின்றன. பருத்தி விஷயத்தில் பிரேசில் வழக்குப் போட்டு வென்றது. அமெரிக்கா 2014-இல் பிரேசிலுக்கு 30 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் அந்த நான்கு நாடுகளுக்கு அந்தப் பணத்தில் ஒரு காசு கிடையாது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஹைட்டிக்கு வந்த பதில் வேறு மாதிரி. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு, மார்ச் மாதம், 1995-இல் அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டன் அமெரிக்க செனட் குழுவின் முன் பேசும்போது, ஹைட்டியின் அரிசி வரியைக் குறைக்க வைத்தது தவறு, அது ஆர்கன்சாவில் சில விவசாயிகளுக்கு உதவியிருக்கலாம், ஹைட்டிக்கு உதவவில்லை என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். அவரே அந்த மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். அந்தச் செய்தியைப் படித்தபோது, பீர்க் கடைக்குப் பக்கத்தில் நின்று நாங்கள் சொன்ன கதையில் பொய் இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அதற்குள் ஹைட்டி சாப்பிடும் அரிசியில் பெரும்பகுதி இறக்குமதி என்றாகிவிட்டது.

இதெல்லாம் கையெழுத்தால் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வழக்கு, நாடுகளின் பேரம், உணவு விலை ஏற்றம் எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. ஆனால் சின்ன நாட்டின் பிரதிநிதி ஒருவர் பேச்சுவார்த்தை மேசையில் தனியாக உட்கார்ந்து 'முடியாது' என்று சொல்லும்போது, பணக்கார நாட்டின் ஜனங்களே கோடிக்கணக்கில் தன் பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது அவருக்குக் கிடைத்த ஒரு பிடிமானம். அதைக் கொடுத்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

இன்றைக்கு இதே பிரசாரம் நடந்தால் என்னிடம் கேள்வி கேட்பவர் வேறு ஊர்க்காரராக இருப்பார். உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு இப்போது இந்தியா. நம் கொள்முதல் விலையையும் இருப்பையும் பற்றிப் பிற நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் கேள்வி எழுப்புகின்றன; இதற்காக வழக்குப் போடுவதில்லை என்று 2013 பாலி மாநாட்டில் கிடைத்த தற்காலிகப் பாதுகாப்பில்தான் நாம் நிற்கிறோம். 2023-இல் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நாம் நிறுத்தியபோது, அதை வாங்கிச் சாப்பிடும் நாடுகளில் விலை ஏறியது. நம் டெல்டா விவசாயியைத் தாங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆர்கன்சாக்காரரிடம் சொன்ன அதே நியாயத்தை நமக்கும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதிலும் சந்தேகம் இல்லை.

நீங்களே போக விரும்பினால்: பிரிட்டனில் இருப்பவர்களுக்கு வழி சுலபம். கிளாஸ்டன்பரி போன்ற விழாக்களில் ஆக்ஸ்ஃபாம் தன்னார்வலர்கள் வாசல் காவலும் வழிகாட்டலும் செய்கிறார்கள். அந்த வேலைக்கு விழா நடத்துவோர் கொடுக்கும் பணம் அமைப்புக்குப் போகிறது, உங்களுக்கு நுழைவு உண்டு. முன்பணம் கட்ட வேண்டும், முறை வேலையை முடித்தால் திரும்பி வரும். இந்தியாவில் 2016 நவம்பர் 19 அன்று மும்பையில் நடந்த குளோபல் சிட்டிசன் விழா வேறு முறையில் இருந்தது. மனுவில் கையெழுத்து, தொலைபேசி அழைப்பு என்று செயல்களைச் செய்து புள்ளி சேர்த்தவர்களுக்கு நுழைவுச்சீட்டு வாய்ப்பு. கோல்ட்ப்ளே அதிலும் பாடியது. டிக்கெட்டுக்காகத் தட்டும் கையெழுத்துக்கும், நின்று படித்துவிட்டுப் போடும் கையெழுத்துக்கும் என் மனதில் ஒரே மதிப்பு இல்லை. ஆனாலும் டிக்கெட்டுக்காக வந்தவரில் பத்தில் ஒருவர் படித்துப் பார்த்தால்கூட லாபம்தான்.

பாட்டுக்காக மட்டும் என்றால் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் நிம்மதியாக உட்கார்ந்து கேளுங்கள். நிற்கத் தயார் என்றால் தட்டையான செருப்பைத் தவிர்த்து நல்ல ஷூ போடுங்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், உபரியாக நாலு பேனா வைத்துக்கொள்ளுங்கள். சேர்வதற்கு முன்னால் ஒருங்கிணைப்பாளரிடம் ஒன்று கேளுங்கள்: இந்தப் பெயர்களை யாரிடம், எப்போது கொடுக்கப் போகிறீர்கள்? எனக்கு அன்று "டிசம்பரில், ஹாங்காங்கில்" என்று ஊரும் மாதமும் சேர்த்துப் பதில் கிடைத்தது. அதனால்தான் நின்றேன்.