வயிற்றுப்போக்குக்கு ஊசி ஏன் போடவில்லை?

கேள்வி: என் ஒன்றரை வயது மகனுக்கு இரண்டு நாட்களாக நீராக வயிற்றுப்போக்கு. துணை சுகாதார நிலையச் செவிலியர் அவனைப் பரிசோதித்துவிட்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் ஜிங்க் மாத்திரையும் மட்டுமே கொடுத்தார். “டாக்டராக இருந்தால் டிரிப்ஸ் ஏற்றியிருப்பார்” என்கிறார் என் மாமியார். செவிலியரின் சிகிச்சையை நம்பலாமா?
– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: நம்பலாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், என்னிடம் வந்திருந்தாலும் இவற்றையேதான் கொடுத்திருப்பேன்.

சிறு குழந்தைகளுக்கு நீராகப் போகும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. மலத்தில் இரத்தம் கலந்திருந்தாலோ, காலரா என்ற ஐயம் எழுந்தாலோதான் பொதுவாக அந்த மருந்து தேவைப்படும். உண்மையான ஆபத்து, உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதுதான். குடல் நோயுற்றிருக்கும் வேளையிலும், சோடியமும் குளுகோஸும் சேர்ந்து வந்தால் சிறுகுடல் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். கூடவே நீரும் உள்ளே செல்லும். உப்பும் குளுகோஸும் கலந்த ஓ.ஆர்.எஸ். வேலை செய்யும் விதம் இதுவே.

1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் எல்லையோர அகதிகளிடையே காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் போதாமற்போனபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இத்தகைய கரைசலைப் பெருமளவில் தயாரித்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. புகட்டியவர்களில் பலர் செவிலியர்கள்கூட இல்லை என்பதை உங்கள் மாமியாரிடம் சொல்லலாம்.

டிரிப்ஸ் தேவையா என்பதை முடிவு செய்வது பட்டமல்ல, குழந்தையின் நிலை. கண்கள் குழிந்திருக்கின்றனவா, தாகத்தோடு ஆவலாகக் குடிக்கிறானா, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்றெல்லாம் செவிலியர் பார்த்திருப்பார். ஆரம்ப நிலை சிகிச்சையில் மருத்துவருக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் நோயாளிகளைக் கவனித்த 18 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, பலன்கள் ஏறத்தாழ சமமாகவோ சற்று மேலாகவோ இருந்ததாகக் கூறுகிறது. அவற்றில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வயிற்றுப்போக்குக்கான வழிமுறை நம் ஊர் நிலைமைக்கென்றே உருவானது.

ஜிங்க் மாத்திரையைத்தான் பல வீடுகளில் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அது வயிற்றுப்போக்கின் நாட்களைக் குறைப்பதோடு, அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் வருவதையும் குறைக்கும் என்பதால், போக்கு நின்றாலும் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாட்கள் கொடுங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுவதுமாக ஒரு லிட்டர் நீரில் கரையுங்கள். டம்ளருக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கலக்காதீர்கள், 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை கரண்டியால் புகட்டுங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டாம்.

குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்க முடியாமற்போனாலோ, எதைக் கொடுத்தாலும் வாந்தியெடுத்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். டிரிப்ஸுக்கு அங்கே வேலை இருக்கலாம்.