மூன்று மாதக் குட்டிக்கு ஆபரேஷனா?

கேள்வி: எங்கள் வீட்டில் அண்ணன் தங்கையாக இரண்டு பூனைக்குட்டிகள். மூன்று மாதம் முடிந்துவிட்டது. இப்போதே கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். இவ்வளவு சின்ன உடம்பில் கத்தி வைக்க மனசு வரவில்லை. பெண் குட்டி ஒரு தடவையாவது குட்டி போட்ட பிறகு செய்தால்தான் நல்லது என்கிறார்களே?

பதில்: டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். ஒரு தடவை குட்டி போடட்டும் என்ற பேச்சில் துளியும் உண்மையில்லை. 6 மாதத்துக்கு முன்பே ஆபரேஷன் செய்த பெண் பூனைக்குப் பால்சுரப்பியில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 90 சதவீதம் குறைகிறது, தள்ளிப்போடப் போட அந்தப் பலனும் குறைந்துகொண்டே போகும். கருப்பையில் சீழ் பிடிக்கிற ஆபத்தும் கிடையாது. இன்னொன்று, பூனைக்கு 4 மாதத்திலேயே சினை பிடிக்கலாம். அண்ணன் தங்கை என்ற கணக்கெல்லாம் நமக்குத்தான், அவற்றுக்கு இல்லை! தானே இன்னும் வளர்ந்து முடியாத குட்டி 9 வாரம் சுமந்து பெற்று, பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடித்துவிட்டால் அந்த உடம்பு என்னத்துக்கு ஆகும்?

சரி, தாங்குமா என்பதுதானே உங்கள் பயம். 8 வாரம் ஆகி, எடை 1 கிலோ இருந்து, சளி பேதி எதுவும் இல்லாவிட்டால் தாங்கும். இந்த வயதில் வயிற்றில் கொழுப்பு சேர்ந்திருக்காது, ரத்தக்குழாய்கள் மெல்லியவை, அதனால் வேலை சீக்கிரம் முடியும், ரத்தமும் அதிகம் போகாது. மயக்கம் தெளிந்த கொஞ்ச நேரத்தில் பின்னங்கால் தள்ளாட நடந்துவந்து கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும், பார்த்தால் நம்பமாட்டீர்கள். கடுவனுக்கு மூத்திரக்குழாய் சுருங்கிவிடும் என்றும் சிலர் பயமுறுத்துவார்கள்; அளந்து பார்த்த ஆய்வில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். பெரிய பூனைக்குச் செய்வதுபோல ராத்திரி முழுக்கப் பட்டினி போடக் கூடாது. குட்டிக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், 2 முதல் 4 மணி நேரம் வெறும் வயிறாக இருந்தால் போதும். எத்தனை மணிக்குக் கடைசிச் சாப்பாடு என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பும் சீக்கிரம் ஜில்லிட்டுவிடும், போகும்போதும் வரும்போதும் கூடையில் கனமான துணி விரித்திருக்கட்டும். அப்புறம் 10 நாள் குளிப்பாட்டாதீர்கள், தையலை நக்கவிடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பசி கூடும், உடம்பு செலவழிப்பதோ குறையும், அதனால் வளர்ந்த பின் சாப்பாட்டை அளந்தே வையுங்கள்.

இரண்டையும் ஒரே நாளில் கூட்டிப்போங்கள். ஒன்று மட்டும் ஆஸ்பத்திரி வாடையோடு திரும்பினால் மற்றது ஆள் தெரியாமல் சீறும், கூடப் பிறந்ததையே அடிக்கவும் செய்யும்.