லைப்ரரி வேலைன்னா சும்மா உக்காந்து படிக்கிறதா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: பெரிய லைப்ரரி ஒண்ணுல புத்தக அடுக்குப் பிரிவுல வேலை கெடச்சிருக்கு சார். "உனக்கென்னம்மா, ஃபேன் காத்துல கதை படிச்சுக்கிட்டே சம்பளம்"னு சொந்தக்காரங்க எல்லாம் சொல்றாங்க. நெஜமாவா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வாழ்த்துகள்மா. படிக்கத்தான் நேரம் இருக்காது, அத இப்பவே சொல்லிடறேன். சென்னை கன்னிமாரா லைப்ரரியையே எடுத்துக்கோங்க, 1954 சட்டப்படி இந்தியாவுல வெளியாகுற ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒரு காப்பி பதிப்பாளர் அங்க அனுப்பணும் (எல்லாரும் ஒழுங்கா அனுப்புறாங்களான்னு என்னைக் கேக்காதீங்க), வந்தத பதிவேட்டுல ஏத்தி, முத்திரை குத்தி, நம்பர் ஒட்டி ரேக்குல வைக்கணும், அப்புறம் வச்சது வச்ச எடத்துல இருக்கான்னு ஒவ்வொரு முதுகா நம்பர் பாத்துக்கிட்டே போகணும், கொட்டாவி பிச்சுக்கிட்டு வர்றது அங்கதான். கண்ணு அசந்துச்சுன்னா போச்சு. புத்தகங்கள பாடவாரியா நம்பர் போட்டு அடுக்குற டியூயி முறையில தமிழ் நாவல் 894.8113, தெலுங்கு இலக்கியம் 894.827. புதுசா வர்றவங்க 8113 பெருசுதானேன்னு தெலுங்க முன்னாடி சொருகிடுவாங்க. புள்ளிக்கு அப்புறம் ஒவ்வொரு எண்ணா பாக்கணும், ரெண்டாவது எண்ணு தமிழுக்கு 1, தெலுங்குக்கு 2, அதனால தமிழ்தான் முன்னாடி. எடம் மாறுன புத்தகம் தொலைஞ்ச மாதிரிதான், கம்ப்யூட்டர் இருக்குன்னு சொல்லும், ரேக்குல இருக்காது, வாசகர் நம்மள மொறைப்பார்.

ஆபத்துன்னா மொதல்ல தூசி. பழைய கட்ட பிரிக்கிறப்ப மாஸ்க் போடுங்க, பூஞ்சை புடிச்சிருந்தா கையுறையும். தடி அகராதிய தலைக்கு மேல இருந்து ஒத்தக் கையால உருவாதீங்க, ஸ்டூல் போட்டு ஏறுங்க. சக்கரத்த சுத்தி நகத்துற ரேக்கு இருந்தா நடுவுல ஆள் நிக்குதான்னு எட்டிப் பாத்துட்டு சுத்துங்க. எச்சி தொட்டு பக்கம் புரட்டுற பழக்கத்த இன்னிக்கே விட்டுடுங்க, 19ஆம் நூற்றாண்டு பச்சைத் துணி அட்டை சிலதுல ஆர்செனிக்ங்கற விஷம் இருக்கும், 2024-ல பிரான்ஸ் தேசிய நூலகமே அப்படி சில புத்தகங்கள தனியா எடுத்து வச்சிடுச்சு.

கேள்வி: ராமபாணப் பூச்சிக்கு ரேக்குல பாச்சா உருண்டை போடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: திறந்த ரேக்குல போட்டா பூச்சி சாகாது, உங்களுக்குத்தான் தலைவலி வரும். அதுக்குப் புடிச்சது ஈரமும் பைண்டிங் பசையும். ரேக்க சுவத்துல இருந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்க, ஒழுகுற பைப்ப சரி பண்ணச் சொல்லி எழுதிக் குடுங்க, எழுதுனதுக்கு நகல் ஒண்ணு கையில வச்சுக்கோங்க.