கரண்ட், தண்ணீர், கழிவுநீர்: கீழக்கரையில் யாரிடம் போவது?

கேள்வி: கீழக்கரையில் புது வீடு கட்டி முடித்திருக்கிறோம். அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்தில் இருக்கும் என் தம்பி, அங்கே கரண்ட், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் நகராட்சியே ஒரே பில் அனுப்புகிறது என்கிறான். இங்கே எந்த ஆபீஸுக்குப் போக வேண்டும்? எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை. வீட்டில் கிணறு இருக்கிறது.

பதில்: தம்பி சொல்வது சரிதான். ஆஸ்டினில் மின்சாரமும் குடிநீரும் நகராட்சியின் சொந்தத் துறைகள். கழிவுநீருக்கு அங்கே தனி மீட்டர் கிடையாது. குளிர்காலத்தில் வீட்டில் செலவான தண்ணீரை அளவாக வைத்துக் கட்டணம் போடுகிறார்கள். கோடையில் செடிக்கு ஊற்றும் தண்ணீர் சாக்கடைக்குப் போவதில்லையே. நமக்குப் பக்கத்தில் திருச்சூர் மாநகராட்சியும் நகரின் ஒரு பகுதிக்குத் தானே மின்விநியோகம் செய்கிறது.

கீழக்கரையில் கரண்டுக்கும் நகராட்சிக்கும் தொடர்பில்லை. அதற்கு மின்வாரியப் பிரிவு அலுவலகம்தான். கட்டுமானத்துக்குத் தற்காலிக இணைப்பு எடுத்திருந்தால் உடனே வீட்டு இணைப்பாக மாற்றுங்கள். தற்காலிகக் கட்டணம் அதிகம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் வீட்டு இணைப்புக்குத்தான் உண்டு.

தண்ணீருக்கு நகராட்சி அலுவலகம். முதலில் வீட்டுக்குச் சொத்துவரி விதிக்கச் செய்து, அந்த வரி எண்ணோடு குடிநீர் இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். காவிரித் தண்ணீரைத் திருச்சிப் பக்கத்திலிருந்து நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம். அதை வாங்கித் தெருவுக்கு விடுவது நகராட்சி. உங்கள் குழாயில் தண்ணீர் வராவிட்டால் கேட்க வேண்டிய இடம் நகராட்சிதான். அவ்வளவு தூரமும் தண்ணீர் மோட்டார் பலத்தில்தான் வருகிறது, கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் ஆஸ்டினிலேயே சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கரண்ட் போய், ஊர் முழுக்கத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். அதனால் சம்ப் கட்டிச் சேமித்துக்கொள்ளுங்கள். குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள். அது சட்டப்படி தவறு. அதோடு, குழாயில் விரிசல் இருந்தால் மண்ணில் ஊறிய அழுக்கும் சேர்ந்து உள்ளே வரும்.

கழிவுநீர்தான் எனக்குப் பெரிய கவலை. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் அந்தப் பொறுப்பு முழுக்க வீட்டுக்காரருடையது. நம் கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய அடுக்காக மிதக்கிறது. ஊற்று தோண்டி அகப்பையால் மொண்ட நம் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மோட்டார் போட்டு அந்த ஓர் அடியை இறைத்துவிட்டால், காலப்போக்கில் உப்பு அந்த 40 அடியும் மேலே ஏறும். மணல் வழியாகக் கழிவுநீரும் வேகமாக இறங்கும் என்பதால், கிணற்றுக்கு மேலிருந்தும் ஆபத்து, கீழிருந்தும் ஆபத்து.

சிமெண்ட் உறைகளை இறக்கி அடியைத் திறந்தே விடுவதைச் செப்டிக் டேங்க் என்று சொல்லிவிடுகிறார்கள். அது வெறும் உறிஞ்சுகுழி. உங்கள் தொட்டிக்கு அடித்தளமும் நான்கு சுவரும் தண்ணீர் கசியாத காங்கிரீட்டாக இருக்க வேண்டும், உள்ளே இரண்டு அறை வேண்டும். தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை, கிணற்றிலிருந்து இடம் இருக்கும் அளவுக்குத் தள்ளி மண்ணில் விடுங்கள். மழைநீர் வாய்க்காலில் விட்டால் நேரே கடலுக்குத்தான் போகும். வீடு கட்டி முடித்துவிட்டோமே என்று தயங்காதீர்கள், கொத்தனாரிடம் அடியில் தளம் போட்டாரா என்று இன்றே கேளுங்கள். போடவில்லையென்றால் குடிவருவதற்கு முன் சரிசெய்வது சுலபம்.

அப்புறம், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடை அகற்ற வேண்டும். உரிமம் உள்ள லாரிதானா, கசடை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டே அழையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. விஷவாயு ஒரு நிமிடத்தில் உயிரைப் பறித்துவிடும்.

கிணற்றுத் தண்ணீரை ராமநாதபுரத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் குடிவருவதற்கு முன் ஒருமுறை, ஒரு மழைக்காலம் கழித்து இன்னொரு முறை சோதியுங்கள். உப்பை மட்டும் பார்த்தால் போதாது. கழிவுநீர் கலந்திருக்கிறதா என்று காட்டும் கோலிபார்ம் கிருமிச் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.